டிப்ளமோ மெக்கானிக்கல்: ஒரகடம் பக்கம் முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுத் திரும்பி ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று போனால் வழிநெடுக ஆலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு ஊரிலிருந்து கிளம்பி வருகிற பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலை இந்தப் பெரிய பெயர்களில் கிடைப்பதில்லை. இந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கிற நடுத்தரக் கம்பெனிகளில்தான் கிடைக்கிறது.

அப்படி ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் என்னையும் உட்கார வைப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இங்கிலீஷுக்கு. ஆனால் இங்கிலீஷால் ஆள் கழிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. தான் எழுதிக்கொண்டு வந்த ரெஸ்யூமேயைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டதும் வாய் அடைத்துப்போகிறவர்கள்தான் அதிகம். "வெர்னியர் தெரியுமா?" "தெரியும் சார்." "லீஸ்ட் கவுன்ட்?" "0.02 சார்." "எப்படி வந்துச்சு?" அங்கே நின்றுவிடும். (வெர்னியர் ஓர் அளவுக் கருவி, லீஸ்ட் கவுன்ட் அது காட்டும் மிகச் சிறிய அளவு.) தயாரிப்பு முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இருக்க வேண்டும்.

போன் வந்ததும்

இன்டர்வியூவுக்குக் கூப்பிடும்போது "சரி மேடம், வரேன் மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூன்று விஷயம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதலில், எந்த ரோலில் எடுக்கிறார்கள்: கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரென்டிஸா? மூன்றும் வேறு வேறு. அப்ரென்டிஸ் என்றால் 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், ஊழியர் இல்லை. வருவது ஸ்டைபென்ட், அதாவது பயிற்சி உதவித்தொகை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பிடித்தம் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. இதனால் அப்ரென்டிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் நல்ல டூல் ரூமில் நின்றால் அடுத்த கம்பெனியில் அதுவே பேசும். என்னவென்று தெரிந்து சேருங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, எந்த டிபார்ட்மென்ட்: புரொடக்‌ஷனா, குவாலிட்டியா, மெயின்டனன்ஸா? படிக்க வேண்டியது இதைப் பொறுத்தே மாறும். மூன்றாவது, எந்த பிளான்ட், எந்த கேட். ஒரே கம்பெனிக்கு சிப்காட் உள்ளே இரண்டு பிளான்ட் இருக்கும். தப்பான கேட்டில் போய் நின்று, அங்கிருந்து வெயிலில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ரெஸ்யூமேதான் கேள்வித்தாள்

ரெஸ்யூமேயை எழுதுவது நீங்களே என்பதால் உங்கள் பரீட்சைக்கு நீங்களே கேள்வி எடுக்கிறீர்கள். இது எவ்வளவு பெரிய வசதி என்பது பலருக்குப் புரிவதில்லை. நண்பனின் ரெஸ்யூமேயை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். "சி.என்.சி. புரோகிராமிங்", "ஆட்டோகேட்", "சாலிட்வொர்க்ஸ்", "டீம் லீடர்ஷிப்" எல்லாம் அதில் இருக்கும்.

சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமால் ஓடும் மெஷின்) என்று எழுதியிருந்தால் நான் கேட்பது சின்னக் கேள்விதான்: ஜி00-க்கும் ஜி01-க்கும் என்ன வித்தியாசம்? முன்னது டூலை வேகமாக நகர்த்த மட்டும், பின்னது ஃபீட் கொடுத்து நேர்கோட்டில் வெட்ட. அடுத்து எம்03, எம்05, எம்30: ஸ்பிண்டிலை ஓட்ட, நிறுத்த, புரோகிராமை முடிக்க. அதையும் சொல்லிவிட்டால் மேஜையில் கிடக்கும் ஒரு இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை) டப்பாவைக் காட்டுவேன். சி.என்.எம்.ஜி. 120408 என்று போட்டிருக்கும். கடைசி 08 என்ன? நோஸ் ரேடியஸ், அதாவது முனையின் வளைவு, 0.8 மி.மீ. இது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மெஷினில் நின்றவனுக்கே தெரியும் என்று விட்டுவிடுவேன். ஆனால் ஜி00 தெரியாமல் புரோகிராமிங் என்று எழுதியிருந்தால், அதற்குப் பிறகு அந்த ரெஸ்யூமேயில் எந்த வரியையும் நம்பத் தோன்றாது.

ஆகவே ஒவ்வொரு வரியாக எடுத்து, அதன்மேல் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாத வரியை அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் முக்கால் பக்கமாகச் சுருங்கினால் நஷ்டமில்லை.

ப்ராஜெக்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதா, கையால் செய்ததா என்பது எங்களுக்கு இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஷாஃப்ட் என்ன மெட்டீரியல்? அதை எந்த மெஷினில் கடைந்தீர்கள்? பேரிங் எந்த நம்பர்? மொத்தம் எவ்வளவு செலவானது? முதலில் ஓட்டியபோது எது சரியாக வரவில்லை? இந்தக் கடைசிக் கேள்விதான் காட்டிக்கொடுக்கும். செய்து பார்த்தவனிடம் தேவைக்கு மேல் பதில் இருக்கும், வாங்கியவன் "எல்லாம் நல்லா ஓடுச்சு சார்" என்பான். வாங்கிய ப்ராஜெக்ட்தான் என்றால் அதை ரெஸ்யூமேயில் ஒரு வரியோடு விட்டுவிட்டு, காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் நீங்களே கடைந்த ஸ்டெப் டர்னிங் ஜாபையோ, இன்பிளான்ட் டிரெய்னிங்கில் பார்த்த ஒரு லைனையோ விரிவாக எழுதுங்கள். சின்ன வேலையாக இருந்தாலும் உங்கள் கை பட்ட வேலை.

படிக்க வேண்டியது

ஆறு செமஸ்டர் புத்தகத்தையும் திருப்பிப் படிக்க ஒரு வாரம் போதாது. தேவையும் இல்லை. அளவுக் கருவி, டிராயிங், ஃபிட்-டாலரன்ஸ் (பாகங்கள் பொருந்தும் விதமும், அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கமும்) மூன்றையும் முழுசாகப் பிடியுங்கள்.

வெர்னியரில் இருந்து ஆரம்பிப்போம். மெயின் ஸ்கேலில் 49 மி.மீ. நீளத்தை வெர்னியர் ஸ்கேலில் 50 பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆக ஒரு வெர்னியர் பாகம் 0.98 மி.மீ. மெயின் ஸ்கேலின் ஒரு பாகம் 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.02, அதுதான் லீஸ்ட் கவுன்ட். மெயின் ஸ்கேல் 24-ஐத் தாண்டி, வெர்னியரில் 17-வது கோடு ஒன்றுபட்டால் 24 கூட்டல் 17 பெருக்கல் 0.02, அதாவது 24.34 மி.மீ. இதைப் பேப்பரில் படம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொல்லும்போது கை தானாகப் படம் போட வேண்டும்.

மைக்ரோமீட்டரில் ஸ்க்ரூவின் பிட்ச் 0.5 மி.மீ., திம்பிளில் 50 பாகம், ஆகவே 0.01. ராட்செட் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். யார் அளந்தாலும் ஒரே அழுத்தம் விழ வேண்டும் என்பதற்காக. அளப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்றால், முகங்களைத் துடைத்து, மூடி, ஜீரோ பார்ப்பேன் என்ற பதில் வர வேண்டும். ஜீரோ எரர் பாசிட்டிவ் என்றால் அளவிலிருந்து கழிக்க வேண்டும். நான் வழக்கமாகக் கேட்கும் இன்னொன்று: டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 0.01 என்றால் 0.02 வெர்னியரால் அளப்பீர்களா? மாட்டேன் சார் என்று சொல்லிக் காரணமும் சொல்கிறவரை அடுத்த ரவுண்டுக்கு அனுப்ப எனக்குத் தயக்கம் இருப்பதில்லை.

அடுத்தது ஃபிட். டிராயிங்கில் 20 எச்7 என்று ஒரு ஹோல் இருந்தால் குறைந்தபட்சம் 20.000, அதிகபட்சம் 20.021 மி.மீ. இதைப் பிளக் கேஜ் (இரண்டு முனையும் வேறு வேறு அளவில் உள்ள உருளை) வைத்துப் பார்க்கும்போது கோ பக்கம் 20.000, நோ-கோ பக்கம் 20.021. கோ போக வேண்டும், நோ-கோ போகக் கூடாது. இது வரைக்கும் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். "ரெண்டு பக்கமும் போயிடுச்சு, என்ன பண்ணுவே?" ஹோல் பெரிதாகிவிட்டது, பாகம் ரிஜெக்ட். "ரெண்டும் போகலை?" ஹோல் சின்னதாக இருக்கிறது, திரும்ப மெஷினில் போட்டு எடுக்கலாம், ரீவொர்க். ஷாஃப்டுக்கு இது அப்படியே தலைகீழ். ஷாஃப்ட் பெரிதாக இருந்தால் ரீவொர்க், சின்னதானால் ரிஜெக்ட். மனப்பாடம் செய்தவர் இங்கே குழம்புவார். ஒரு பைப்பையும் கம்பியையும் மனதில் வைத்து யோசிக்கிறவர் நிதானமாகச் சொல்லிவிடுவார்.

டிராயிங்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்டு ஆங்கிளா என்று சின்னத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். காலேஜில் வரைந்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். டாப் வியூ, ஃப்ரன்ட் வியூவுக்குக் கீழே வரும். அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனிகளிலிருந்து வரும் டிராயிங் தேர்டு ஆங்கிளில் இருக்கும். இந்தப் பக்கம் இரண்டும் புழங்கும்.

குவாலிட்டி என்றால் கூடவே ஏழு க்யூ.சி. டூல்ஸ், அதாவது தரத்தில் வரும் குறைகளை ஆராயும் ஏழு முறைகள். எல்லாவற்றையும் பெயர் சொல்வதைவிட பரேட்டோவையும் (எந்தக் குறை அதிகம் என்று காட்டும் படம்) ஃபிஷ்போனையும் (காரணங்களைப் பிரித்துக் காட்டும் படம்) உதாரணத்தோடு சொல்வது மேல். மெயின்டனன்ஸ் என்றால் ஹைட்ராலிக்ஸ், நியூமேட்டிக்ஸ், பேரிங் வகைகள். புரொடக்‌ஷன் என்றால் 5எஸ், அதாவது வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே என்று ஜப்பானியப் பெயரை ஒப்பிப்பார்கள். "உங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல இது எங்க இருந்துச்சு?" என்றால் முழிப்பார்கள். ஸ்பேனர் மாட்டும் போர்டில் ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் வரைந்திருந்ததே, அதுதான் செய்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம்.

எழுத்துத் தேர்வு சில இடங்களில் உண்டு. சதவீதம், விகிதம், நேரமும் வேலையும், கூடவே கொஞ்சம் மெக்கானிக்கல். பத்தாம் வகுப்புக் கணக்கு மறக்காமல் இருந்தால் போதும்.

பேசிப் பழகுவது

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் அப்பா பெயர், அம்மா பெயர், பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஓடாதீர்கள். இந்த அளவு போதும்:

"சார், என் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். கவர்ன்மென்ட் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்சேன், 78 பர்சன்ட், அரியர் இல்ல. ஃபைனல் இயர்ல ட்ரில்லிங்குக்கு ஒரு ஃபிக்சர் செஞ்சோம். அதுல டிராயிங்கும் லேத் வேலையும் நான் பார்த்தேன். குவாலிட்டியில சேரணும்னு ஆசை சார்."

ஒரு நிமிஷம்கூட ஆகாது. நடுவில் ஃபிக்சரைச் சொல்லிவிட்டதால் அடுத்த கேள்வி அதன்மேல் வரும். உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். இதையே நாலைந்து எளிய வாக்கியத்தில் இங்கிலீஷிலும் சொல்லப் பழகுங்கள். மேஜையில் ஒரு கொரியக்காரரோ வடநாட்டுக்காரரோ இருக்கலாம். அதற்குப் பிறகு "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டால் டெக்னிக்கல் ரவுண்டில் மறுக்கிறவர்கள் குறைவு.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். கூடவே பக்கத்தில் தெரிந்ததைச் சேருங்கள்: "சி.எம்.எம். மெஷின் பார்த்ததில்ல சார், ஹைட் கேஜ்ல சர்ஃபேஸ் பிளேட் வெச்சு அளந்திருக்கேன்." கூரையைப் பார்த்து யோசிக்கிற மாதிரி நடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹெச்.ஆர். கேட்பது வேறு மாதிரி. ஷிஃப்ட் பார்ப்பீங்களா? மேலே படிக்கிற ஐடியா இருக்கா? எங்கே தங்குவீங்க? இந்த மூன்றும் ஒரே கேள்விதான்: ஆறு மாசமாவது இருப்பாயா? காலை 6 மணி, மதியம் 2, இரவு 10 என்று மூன்று ஷிஃப்ட் வாரம் மாறி வரும். நைட் ஷிஃப்ட் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். "எதுவா இருந்தாலும் ஓகே சார்" என்றுவிட்டு முதல் நைட் ஷிஃப்டோடு ஊருக்குப் போய்விடுகிறவர்களால்தான் அடுத்து வருகிறவர்களிடம் இதை நோண்டி நோண்டிக் கேட்கிறார்கள். பார்ட் டைம் பி.இ. எண்ணம் இருந்தால் மறைக்க வேண்டாம். "ஒரு வருஷம் வேலை கத்துக்கிட்டு அப்புறம் சேரலாம்னு இருக்கேன்" என்பது நியாயமான பதில். படித்து முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்திருந்தாலும் அப்படியே. அப்பாவோடு வயல் வேலை பார்த்தேன், மாமா ஒர்க்‌ஷாப்பில் நின்றேன், எதுவோ அதைச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் பஸ் வசதி, ஹாஸ்டல், நைட் ஷிஃப்டுக்கு வீட்டு வாசல் வரை வண்டி வருமா என்பதை ஹெச்.ஆரிடம் நேராகவே கேளுங்கள். வீட்டில் எப்படியும் இதைத்தான் கேட்கப்போகிறார்கள்.

ஃபைல்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ., டிப்ளமோ மார்க் ஷீட், புரொவிஷனல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ரெஸ்யூமே இரண்டு காப்பி. ஒரிஜினல் தனி, செராக்ஸ் தனி. "எல்லாம் டிஜிலாக்கர்ல இருக்கு" என்று போனை நம்பி வராதீர்கள். பல ஆலைகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். பாண்டு (இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி டிப்ளமோ சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் சேர்வதற்கு முன் பத்து முறை யோசிக்கலாம்.

நம் ஊரில் எல்லோரையும் படுத்துவது இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. வேலை கிடைத்த பிறகு பி.எஃப். கணக்குத் தொடங்கும்போது இது முட்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். மார்க் ஷீட்டில் உள்ளபடி எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலையை இன்டர்வியூவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சேரும் வாரத்தில் சேவை மையத்துக்கு அலைய முடியாது.

போகிற நாள்

தென் மாவட்டங்களிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரகடம் போக கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டாம். செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் பரனூர் தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோவில். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரகடத்துக்கு பஸ் உண்டு. வேலூர் பக்கத்திலிருந்து வந்தால் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் வந்துவிடும். குளித்து உடை மாற்ற இடம் முந்தின நாளே பேசி வையுங்கள். ஊர்க்கார அண்ணன் யாராவது இந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பார்.

முழுக்கைச் சட்டை, இன் பண்ணி, மூடிய ஷூ. ஷூ அழகுக்காகச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே "வா, லைனைப் பார்க்கலாம்" என்று உள்ளே கூட்டிப்போவார்கள், செருப்போடு ஷாப் ஃப்ளோரில் விட மாட்டார்கள். பெண்கள் துப்பட்டாவைப் பின் செய்து, தலையைக் கட்டி, வளையல் இல்லாமல் வருவது அதே காரணத்துக்காக. உள்ளே நடக்கும்போது மஞ்சள் கோட்டுக்குள் நடங்கள். எதையும் தொடாதீர்கள். கூட்டிப்போகிறவர் இதைக் கவனிப்பார்.

சம்பளம்

சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு உங்களால் ஆகும் வருஷச் செலவு, 2.6 லட்சம் என்றதும் 12-ஆல் வகுத்து மாசம் 21,600 என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். கணக்கு அப்படி வராது. உதாரணத்துக்கு மாசச் சம்பளம் 18,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து 12,000 என்று வைப்போம். உங்கள் பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135. கைக்கு 16,425. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 585, கிராஜுவிட்டி 577, போனஸ் ஆயிரம் சொச்சம், எல்லாம் சேர்ந்துதான் அந்த 2.6 லட்சம். 16,425-லிருந்தும் கேன்டீன், பஸ் பிடித்தம் இருக்கலாம். ஆகவே ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டேக் ஹோம் எவ்வளவு வரும் மேடம்?" ஓ.டி. (கூடுதல் நேர வேலை) உண்டா, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சட்டப்படி இரட்டிப்புதான்.

ஃப்ரெஷருக்குப் பேரம் பேச இடம் குறைவு. 500 ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைவிட, சாப்பாடும் பஸ்ஸும் இலவசமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். ரூம் வாடகையும் மூன்று வேளை ஹோட்டல் சாப்பாடும் போனால் இந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது கஷ்டம்.

பணம் கேட்டால்

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் செலவு, எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். பெரிய கார் கம்பெனி பெயரில் வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டரே வரும், சீல், கையெழுத்து எல்லாம் இருக்கும். இன்டர்வியூ நடக்காமல் ஆஃபர் வராது. சந்தேகம் இருந்தால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள், லெட்டரில் உள்ள நம்பருக்கு அல்ல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் அங்கேயும் வருகின்றன.

முடிந்த பிறகு

வெளியே வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தெரியாததை அன்றே தேடிப் படித்துவிடுங்கள். பக்கத்து கம்பெனியிலும் ஏறக்குறைய அதே கேள்விதான் வரும், சில நேரம் கேள்வி கேட்ட அதே ஆள்கூட வேலை மாறி அங்கே இருப்பார். தேர்வானால் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். நிறக்குருடு சோதனையும் அதில் இருக்கும், கண்ணாடி போடுகிறவர்கள் கையோடு எடுத்துப் போங்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லி ஒரு வாரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் ஒரே ஒரு மெசேஜ்: பெயர், இன்டர்வியூ தேதி, டிபார்ட்மென்ட், "ரிசல்ட் தெரிஞ்சா சொல்லுங்க மேடம்." அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த கேட்டுக்குக் கிளம்புங்கள்.